பழைய பைக்கை ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா? வந்தபின் எதில் முதலில் கை வைப்பது?

பேரம் முடிந்து சாவி கைக்கு வந்ததும் அடுத்த குழப்பம் வந்து நிற்கும். அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா, வேனில் ஏற்றுவதா? வந்ததும் முழுக்கப் பிரித்துப் போடுவதா, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்பதா? கம்பெனி பார்ட்ஸா, வெளி பார்ட்ஸா? முதல் செலவு டயருக்கா, சைலன்சருக்கா? எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த வண்டி கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது?

மீட்டரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். 40,000 கிலோமீட்டர் ஓடி, நேற்று வரை தினமும் சாலையில் இருந்த வண்டி, 9,000 மட்டும் ஓடி மூன்று வருடம் மூலையில் நின்ற வண்டியைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் செலவு வைக்கும். ஓடும் வண்டி தேயும். தேய்ந்தது கண்ணுக்குத் தெரியும், அளந்து பார்க்கலாம். நின்ற வண்டியில் ரப்பர் காயும், பெட்ரோல் பிசினாகும், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இது எதுவும் வெளியே தெரியாது.

விற்பவர் “போன மாதம் வரை ஓட்டினேன்” என்று சொல்லலாம். வண்டியிடமும் கேட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் பேட் உட்கார்ந்த இடம் மட்டும் அச்சு வைத்தாற்போல் துருப்பிடித்திருந்தால் வண்டி நாள்கணக்கில் நகரவில்லை. டாங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் நெடி அடித்தால் மாதக்கணக்கு. செயினில் சில கண்ணிகள் மடங்கியபடியே விறைத்திருப்பது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் சீலுக்கு மேலே ஊசிமுனைத் துருப்புள்ளிகள், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சிலந்திக்கூடு, இவையும் அதே கதையைத்தான் சொல்லும். டயரின் பக்கச் சுவரில் ஓவல் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் பள்ள வரிகள்) ஆழமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஆறு வயதைத் தாண்டிய டயர் கட்டையாகிவிட்டிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது.

ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா

தினமும் ஓடிய வண்டி, டயர் வயது சரி, இரண்டு பிரேக்கும் பிடித்து உடனே விடுகின்றன, தூரமும் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஓட்டி வாருங்கள். அந்த ஒரு மணி நேரம் வண்டியைப் பற்றிச் சொல்வதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. மூன்று மாதத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் ஏற்றித்தான் வர வேண்டும், ஸ்டார்ட் ஆனாலும் சரி. இன்ஜின் இயங்குவது நல்ல செய்திதான், பிரேக்குக்கு அது உத்தரவாதம் ஆகாது. கயிறு கட்டி இன்னொரு பைக்கால் இழுத்து வருவது ஒரு வழியே அல்ல.

ஓட்டி வருபவர்கள் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை: டயர் காற்று, இன்ஜின் ஆயில் அளவு, செயின் தளர்ச்சி, முன் பின் அச்சு நட்டுகள், பிரேக் லைட். பழைய பெட்ரோலோடு கிளம்பாமல் புதிதாகக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஒரு முறை நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் டிஸ்க் அல்லது டிரம் அருகே கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம்). நீங்கள் அதிகம் பயன்படுத்தாத பிரேக்கில் அனல் அடித்தால் அது விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பிரேக் ஆயில் கொதித்து, லிவர் கைப்பிடி வரை வந்து விழும்.

வழியில் நிற்கும் பழைய வண்டிகளில் ஒரு ரகம் உண்டு. இருபது நிமிடம் ஜோராக ஓடும், பிறகு மூச்சு வாங்கி நிற்கும், பத்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பிளக்கைக் கழற்றும் முன் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். சத்தம் வரவில்லை என்றால் டாங்க் அடியில் கிடந்த துரு கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கலாம்.

ஏற்றி வருவதில் விபத்து நடப்பது சாலையில் அல்ல, வேனில் ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையில். வண்டியின் முன்சக்கரம் மேலே ஏறி, பின்சக்கரம் பலகையை உந்தும் நொடியில் பலகை பின்னால் வழுக்கி விழும். அதனால் பலகையை வேனோடு கயிற்றால் கட்டாமல் ஏற்றவே கூடாது. இன்னொன்று, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பவருக்கும் ஏற ஒரு வழி வேண்டும். வண்டி மேலே போய்விடும், ஆள் கீழேயே நிற்பார், பிடி கைவிட்டுப் போகும். பக்கத்தில் இரண்டாவது பலகை ஒன்று, அல்லது உறுதியான ஒரு படி. ஆட்கள் மூன்று பேர் இருந்தால் நிம்மதி.

ஏற்றியபின் சைடு ஸ்டாண்டில் விட்டுக் கட்டாதீர்கள். ஆட்டத்தில் ஸ்டாண்டின் அடி வளையும், அதைத் தாங்கும் பிரேம் காது கிழியும். வண்டியை நேராக நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்தை முன்சுவரில் முட்டவிட்டு, நான்கு ராட்செட் பட்டைகள் போட வேண்டும். முன் இரண்டும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்ப் பாலத்திலிருந்து முன்னும் வெளியும் சாய்ந்து போக வேண்டும். ஹேண்டில் முனையில் கட்டினால் ஹேண்டில் சுழன்று பட்டை தளரும். ஃபோர்க் பாதி அளவு அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கி வைத்தால் சீலுக்குக் கேடு. பின் இரண்டும் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பட்டைகள் நெகிழ்ந்திருக்கும், நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

முழுக்கப் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே பார்ப்பதா

வந்த வேகத்தில் வண்டியை நட்டு நட்டாகப் பிரித்து, பிரேமை பெயின்ட்டுக்கு அனுப்பி, மீதியை டப்பாக்களில் போட்டு வைப்பது ஒரு வழி. அதில் பாதி வண்டிகள் டப்பாவிலேயே முடிகின்றன. பிரேம் வளைந்திருந்தால், அல்லது துரு தாங்கு பாகங்களைத் தின்றிருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போகலாம். மற்றபடி ஓடும் வண்டியை ஓட்டிக்கொண்டே சரிசெய்வதுதான் மேல். எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்று அப்போதுதான் தெரியும்.

நின்ற வண்டிக்கு இடைப்பட்ட வழி பொருந்தும்: இன்ஜினைத் தொடாமல், பிரேக்கையும் பெட்ரோல் பாதையையும் மட்டும் முழுக்கப் பிரிப்பது. இன்ஜினுக்கு முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஐந்து மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பிறகு ஸ்டார்ட்டரைத் தொடலாம். எடுத்த எடுப்பில் பட்டனை அமுக்கினால் உலர்ந்த பிஸ்டன் ரிங் சிலிண்டரைக் கீறும்.

புகையோ இழுவைக் குறைவோ இருந்தால், இன்ஜின் ஹெட்டைத் திறக்கும் முன் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அளந்து பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடிக்க வேண்டும். மேனுவல் சொல்வதைவிடக் குறைவாகக் காட்டினால் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் தேய்ந்தது ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). ஏறவில்லை என்றால் வால்வு. பல நேரம் டேப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்) இடைவெளி குறைந்து வால்வு முழுக்க மூடாததுதான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

ஆயிலை ஒன்றுக்கு இரண்டு முறை மாற்றுவது நல்லது: வந்ததும் ஒரு முறை, 300 முதல் 500 கிலோமீட்டரில் மறுபடி. முதல் ஆயில் உள்ளே படிந்த கசடைக் கழுவி எடுத்துக்கொண்டு வரும். கிளட்ச் பிளேட் ஆயிலிலேயே ஊறும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற ஜப்பானியத் தரக் குறி டப்பாவில் இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரோடு கசிவை நிறுத்தப் பலங்கொண்ட மட்டும் இறுக்கி, அலுமினிய மரை கழன்று வந்த இன்ஜின்கள் ஏராளம்.

டாங்க்கில் லேசான துரு என்றால், குழாயைக் கழற்றித் துளையை அடைத்து, லிட்டருக்கு சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விடலாம். கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, தாமதிக்காமல் உலர்த்தி, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றிவிட வேண்டும். அரை நாள் ஈரத்தோடு விட்டால் ஆரஞ்சுத் துரு திரும்பிவிடும். உள்ளே பூசும் லைனரைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒட்டாமல் உரிந்தால் அந்தத் தோலே கார்புரேட்டரை அடைக்கும்.

பிரேக்: இங்கே சிக்கனம் வேண்டாம்

டாட் 4 (DOT 4) தரத்துப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதற்கான அளவுகோல் வெறும் 155 டிகிரி. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 5 என்பது சிலிகான், பெயரில் ஒரு படி மேலே தெரிந்தாலும் டாட் 4-ஓடு சேராது. டாட் 5.1 சேரும்.

உரசும் பிரேக்குக்கு எல்லாரும் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைத்தான் பழிசொல்வார்கள். குற்றவாளி மூன்று பேரில் ஒருவர்: பிஸ்டன் சுற்றித் துரு, லிவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் மயிரிழைத் துளை அடைப்பு, அல்லது உள்ளே உப்பிப்போன ரப்பர் ஹோஸ். கண்டுபிடிப்பது எளிது. சக்கரம் இறுகியிருக்கும்போது காலிப்பரின் காற்று நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் விடவில்லை என்றால் காலிப்பர். விட்டுவிட்டது என்றால் ஆயில் அழுத்தம் எங்கோ சிக்கியிருக்கிறது. மறுபடி இறுகவைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து ஹோஸ் போல்ட்டைத் தளர்த்துங்கள். அங்கே விட்டால் துளை அடைப்பு, விடாவிட்டால் ஹோஸ். சிந்தும் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். துணி சுற்றி, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இந்த வேலை எப்படியும் செய்தாக வேண்டும் என்பதால், ரப்பர் ஹோஸைத் தூக்கிவிட்டு எஃகுப் பின்னல் ஹோஸ் போடுவது உருப்படியான அப்கிரேடு. ரப்பர் உப்பாததால் லிவர் கல் போல நிற்கும், பிடிக்கும் அளவு விரலுக்குத் தெரியும். பேடில் இரண்டு வகை பரிசீலிக்கலாம். ஆர்கானிக் மென்மையாகக் கடிக்கும், டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, சீக்கிரம் தீரும். சின்டர்டு (உலோகத் தூளை இறுக்கிச் செய்தது) ஈரத்திலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், மெல்லிய டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். அந்த அளவை நெருங்கிவிட்ட டிஸ்க்குக்குப் புதுப் பேட் வாங்குவது வீண். ஏபிஎஸ் வண்டி என்றால் ஹோஸ் மாற்றும் முன் யோசியுங்கள். சில மாடல்களில் காற்றை முழுக்க எடுக்க டயக்னாஸ்டிக் கருவி தேவைப்படும்.

கம்பெனி பார்ட்ஸ், வெளி பார்ட்ஸ், கழற்றிய பார்ட்ஸ்

எல்லாவற்றுக்கும் கம்பெனி பார்ட்ஸ் வேண்டும் என்பதும் வீண் செலவு, எல்லாவற்றையும் மலிவில் முடிப்பதும் வீண் செலவு. பேரிங் வாங்க வண்டிக் கம்பெனிக்குப் போக வேண்டியதே இல்லை. அதன் மேலேயே எண் இருக்கும். 6202 என்றால் உள்துளை 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். இருபக்கமும் ரப்பர் மூடியுள்ள, பெயர் பெற்ற பேரிங் கம்பெனியின் சரக்கு போதும். செயின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) செட்டும் அப்படியே, செயின், முன் பின் ஸ்ப்ராக்கெட் என மூன்றையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அந்தச் செயின் சீக்கிரமே நீளும்.

ஆயில் சீல், கேஸ்கெட், கேபிள் ஆகியவற்றில் கம்பெனி சரக்குதான். கார்புரேட்டர் கிட் விஷயத்தில் எச்சரிக்கை: மலிவு கிட்டில் வரும் ஜெட்டில் (பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகு) பொறித்த எண் ஒன்றாக இருக்கும், துளை வேறாக இருக்கும். பழைய பித்தளை ஜெட்டைக் கரைசலில் ஊறவைத்து, காற்றடித்து, அதையே திரும்பப் போடுங்கள். கிட்டிலிருந்து ஓ-ரிங்கையும் மிதவை அறைக் கேஸ்கெட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும், பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது.

கழற்றிய பார்ட்ஸ் கடையில் டாங்க், பக்கத் தகடு, மட்கார்டு, நேரான ரிம் எல்லாம் தாராளமாக வாங்கலாம். டயர், பேட், ஹோஸ், செயின் மட்டும் அங்கே வாங்கக் கூடாது.

அப்கிரேடு: இழுவைக்கா, பிடிப்புக்கா

சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கைக்குச் சத்தம்தான் பாதிக் காரணம். அடைப்பு குறைந்த சைலன்சர் மட்டும் போட்டால் கிடைக்கும் கூடுதல் சக்தி ஓட்டும்போது உணர முடியாத அளவுதான். கூடவே கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்து, ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும், பிளக்கின் பீங்கான் வெளுக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெரிய துளையுள்ள ஜெட் போட வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் ஓரளவு சமாளிக்கும், முழு ஆக்சிலரேட்டரில் சமாளிக்காது. வேக்குவம் கார்புரேட்டரில் ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஏறுவதற்கான அழுத்த வேறுபாடு குலைந்து, நடு வேகத்தில் இழுவையில் ஒரு பள்ளம் விழும். அதை ஜெட் மாற்றிச் சரிசெய்ய வாரங்கள் போகும்.

இழுவைதான் வேண்டும் என்றால் மலிவான வழி ஸ்ப்ராக்கெட். முன்னே 15, பின்னே 45 பல் என்றால் விகிதம் 3. முன்னதை 14 ஆக்கினால் 3.21, அதே வேகத்துக்கு இன்ஜின் 7 சதவீதம் அதிகம் சுற்றும், மேட்டில் தெம்பாக ஏறும், நெடுஞ்சாலையில் இரையும். பின்னே மூன்று பல் கூட்டினாலும் ஏறத்தாழ அதே பலன்தான், ஆனால் செயின் நீளம் பற்றாமல் போகலாம். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் மீட்டர் என்றால் இனி கூட்டிக் காட்டும்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டயர். அதற்கு அடுத்தது சஸ்பென்ஷன். டயரில் அகலம் கூட்டுவதைக் கௌரவமாக நினைப்பது பரவலான நோய். 2.15 அங்குல ரிம்மில் 130 டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு டயரின் வளைவு கூர்மையாகும். சாயும்போது நடத்தை மாறும், செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசும். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல ரப்பர் வாங்குங்கள். சாதாரண ஸ்போக் ரிம்மில் ஸ்போக்கை இறுக்கும் நிப்பிளின் துளை வழியாகக் காற்று போகும் என்பதால் டியூப் கட்டாயம், புது டயருக்குப் புது டியூப்.

சஸ்பென்ஷனில் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டும். ஃபோர்க் குழாயில், சீலுக்கு மேலே ஒரு கேபிள் டையை இறுக்காமல் மாட்டுங்கள். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, டையைச் சீலோடு ஒட்டி இறக்குங்கள். மெதுவாக வண்டியைக் கீழே விட்டு, ஓட்டுபவர் வழக்கமான உடையோடு ஏறி உட்கார, ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக் பிடிக்காமல் இறங்கி, வண்டியை மறுபடி தூக்கி, டைக்கும் சீலுக்கும் இடையே எவ்வளவு என்று அளந்தால் அதுதான் அமுங்கல். ஃபோர்க்கின் மொத்த அசைவு 120 மி.மீ. என்றால் இது 30-லிருந்து 40-க்குள் இருக்க வேண்டும். 55 காட்டினால் ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது அல்லது உங்கள் எடைக்குப் போதவில்லை. பழைய வண்டிகளில் பல நேரம் ஆயிலும் சாம்பல் தண்ணீராகியிருக்கும். புது ஆயிலை இரு பக்கமும் ஒரே மட்டத்தில் (ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து அளந்து) விட்டாலே பாதி ஆட்டம் அடங்கும். அதன் பிறகும் ஆடினால் ஸ்ப்ரிங் வாங்கலாம். அதற்குள் ஹேண்டிலை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ‘டக்’ என்று உட்காரும் இடம் இருந்தால் கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) போய்விட்டது, எந்த ஷாக் அப்சார்பரும் அதை மறைக்காது.

விளக்கு விஷயத்தில் ஒன்று மட்டும். 60/55 வாட் ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளிப்புள்ளி பழைய இழையின் இடத்தில் அமையாதவரை எதிரே வருபவர் கண் கூசும், உங்கள் சாலை இருட்டாகவே இருக்கும். முதலில் ஹெட்லைட் கனெக்டரில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் 14 இருந்து இங்கே 12 வந்தால் வயரும் சுவிட்சும் தின்கின்றன. ஒரு ரிலேயும், பேட்டரி அருகே 10 ஆம்பியர் ஃபியூஸும் போட்டு நேர் வயர் இழுத்தால் பழைய பல்பே பளிச்சென்று எரியும். பேட்டரி முனையிலேயே, ஆக்சிலரேட்டரைக் கூட்டியும் 13.5 தாண்டவில்லை என்றாலோ 15-ஐத் தாண்டினாலோ விளக்கை விட்டுவிட்டு சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். கருகிய கனெக்டர் முள் அங்கேதான் இருக்கும்.

கழற்றிய பழைய சைலன்சர், ஜெட், ஸ்ப்ராக்கெட் எதையும் எடைக்குப் போடாதீர்கள். எதை எந்த கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று ஒரு டேப்பில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். புதியது சரிப்படாமல் திரும்ப மாட்டும்போது அந்த ஜெட் எண் தேவைப்படும்.